பிலோ என்றொரு சொல்

ஜூலை 7, திங்கள்

நல்ல காற்று. மழை வருகிற மாதிரி வந்து போய்விட்டது. சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்த மறந்ததில் மேஜையெல்லாம் வெள்ளைத் தூசி. புரூஃப் தாள்கள் மேலும்.

இந்த வாரம்:
– புத்தகப் புரூஃப் முடிக்க. 20க்குள் பதிப்பகத்துக்கு.
– 18 வெள்ளி, நேர்முகம். சான்றிதழ் நகல் இரண்டு செட். போட்டோ.
– முதலாண்டு நோட்டுகள். தொடவேயில்லை.
– தோசை அரிசி. குமாருக்கு பி.பி. மாத்திரை.

பதினொரு வருடம் கெஸ்ட் லெக்சரர். பெங்களூருக்கு வண்டி ஏறும் கோரமண்டல் ஸ்டேஷனில் என்னைத் தெரியாத டீ மாஸ்டர் கிடையாது. இந்த வேலை நிரந்தரமானால் மற்றவர்கள் மாதிரி ஸ்டாஃப் ரூமில் எனக்கும் ஒரு நாற்காலி. இப்போது யார் லீவோ அவர் நாற்காலி.

மதியம் ஃபோனில் தெரியாத நம்பரிலிருந்து செய்தி. அப்படியே எழுதி வைக்கிறேன்:

‘வணக்கம் மேடம். என் பேர் ரோஸி. பேத்தமங்களா. உங்க புத்தகம் பத்தி பேப்பர்ல பார்த்தோம். டிம்பர் துரைசாமி அந்தோணி போட்டது இல்ல. எங்க அம்மா போட்டது. பேசணும்.’

இரண்டு தடவை படித்தேன். பதில் போடவில்லை. யாரோ பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஸ்டாஃப் பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவை படித்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

வண்டியில் உட்கார இடம். பங்காரப்பேட்டை வரை புரூஃப். ஓடவில்லை.

மாலை வகுப்பு, கன்னடக்காரர்களுக்கான பேச்சுத் தமிழ். வழக்கம் போல காமிக்ஸ் கட்டங்கள் ஜெராக்ஸ் எடுத்து, பேச்சுக் குமிழிகளை வெள்ளையடித்துக் கொடுத்தேன். அவர்களே நிரப்ப வேண்டும். பாடம்: நாம், நாங்கள். பேங்கில் வேலை செய்யும் பெண் ஒருத்தி கேட்டாள், ‘மேடம், நம்ம வீடு அப்படின்னா நீங்க, நான் ரெண்டு பேர் வீடா?’ புத்தகத்தில் அப்படித்தான் என்றேன். எங்கள் கே.ஜி.எஃப். தங்கவயலில் ஒருவர் ‘நம்ம வீடு’ என்றால் அது அவர் வீடாக இருக்கலாம், அண்ணன் வீடாக இருக்கலாம், அவரைச் சேர்ந்த யார் வீடாகவும் இருக்கலாம். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

அதற்கு மேல் உதாரணம் சொல்லாமல் வகுப்பை முடித்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. தெரியும். எழுத இஷ்டமில்லை.

ரோஸியிடமிருந்து ஒரு படம். பழைய கோடு போட்ட நோட்டு, பென்சில் வரைபடம். துரைசாமி. அதே முட்டைக்கண், அதே தொங்கு மீசை, ஒரு கை மரமுட்டின் மேல். எனக்கு அந்தக் கட்டம் தெரியும். ஏழாவது இதழ், இரண்டாம் பக்கம். அச்சில் மீசை முடிந்திருக்கும். இதில் பாதி.

முடிக்காத மீசையை யாரும் பார்த்து வரைய மாட்டார்கள்.

ஜூலை 9, புதன்

லீவு சொன்னேன். தலைவலி என்று. பொய்யில்லை.

எனக்காகவே எழுதி வைத்துக்கொள்கிறேன், புத்தி தடுமாறாமல் இருக்க.

டிம்பர் துரைசாமி: கையால் வரைந்து, சுரங்கத்து டைம் ஆபீஸின் சைக்ளோஸ்டைல் மெஷினில் யாருக்கும் தெரியாமல் பிரதி எடுத்து, தொழிலாளர் குடியிருப்புகளில் லைன் லைனாகக் கை மாறிய சித்திரக்கதை. சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் ஒரு தொழிலாளி, எல்லாவற்றுக்கும் பயப்படுவான். ஒவ்வொரு மரமுட்டாகத் தட்டி ‘தாங்குவியாடா?’ என்று கேட்பான். பெயர் போடாத இதழ்கள். பதினேழு என்னிடம். வரைந்தது முதலில் சுரங்கத்துக்குள்ளும் பிறகு டைம் ஆபீஸிலும் வேலை செய்த நந்திதுர்க் லைன் அந்தோணி சார் என்று கண்டுபிடித்தவள் நான். அதுதான் என் பிஎச்.டி. அதுதான் புத்தகம். போன வருடம் சர்ச் ஹாலில் அவருக்குப் பாராட்டு விழா. சால்வை போட்டதும் நான்.

ஆதாரம்: ஒன்பது வருடத்துக்கு முன் அவரிடம் எடுத்த பேட்டி. ஒலிப்பதிவு. பென் டிரைவில், பீரோவில், அம்மா சேலைகளுக்கு அடியில்.

போட்டுக் கேட்டால் தீர்ந்தது. பீரோவைத் திறந்தேன். சேலைகளை மடித்து வைத்தேன். மூடினேன்.

சாயங்காலம் குமார் ஃபாக்டரியிலிருந்து வந்ததும், ‘இன்னாத்துக்கு மூஞ்சி இப்டி கீது? இன்டர்வியூ டென்ஷனா?’

‘ஆமாம்’ என்றேன். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் நான் ஆகச் சுலபமாகச் சொன்ன பொய்.

ஜூலை 10, வியாழன்

ரோஸி இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மூன்றாவது செய்தி:

‘மேடம் சண்டைக்கு இல்ல. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு. அதான்.’

பயங்கள் (எழுதினால் குறையும் என்று யாரோ சொன்னார்கள்):
1. வேலை கிடைக்காது.
2. கிடைத்த பிறகு தெரிந்துபோகும். அது இன்னும் மோசம்.
3. பிஎச்.டி.யைப் பிடுங்கிவிடுவார்கள். பெயர்ப் பலகையில் ‘டாக்டர்’ என்று எழுதியதை அழிக்க ஆள் கூப்பிட வேண்டும்.
4. அந்தோணி சார். எண்பத்து மூன்று வயது. சால்வையைக் கண்ணாடி அலமாரியில் மாட்டி வைத்திருக்கிறார்.
5.

ஐந்தாவது தெரியும். எழுதவில்லை.

குறையவில்லை.

ஜூலை 11, வெள்ளி

கேட்டுவிட்டேன்.

கல்லூரியில் மொழி ஆய்வகம் காலியாக இருந்தது. பெரிய ஹெட்ஃபோன். பேட்டியில் முப்பத்தோராவது நிமிடம்.

ஆய்வேட்டில் நான் எழுதியது, பக்கம் 112: ‘“அதெல்லாம் பிலோ வேலம்மா. நம்மளுதுதான். (தெளிவில்லை.)”’ அதற்கு அடிக்குறிப்பு: ‘பிலோ: கீழே என்று பொருள்படும் ஆங்கிலச் சொல், கே.ஜி.எஃப். சுரங்க வழக்கில் நிலத்தடியைக் குறிக்கும். பிலோ வேலை: சுரங்கத்தடி வேலை.’ கடைசியில் சொல்லடைவிலும் சேர்த்திருக்கிறேன். ஷிஃப்ட், ஷாஃப்ட், கேஜ், லெவல், பிலோ.

இன்று கேட்டது:

நான்: ‘இந்தப் படமெல்லாம் உங்களுதா சார்?’

அவர்: ‘அதெல்லாம் பிலோ வேலம்மா. நம்மளுதுதான். அவ கைய்யி அப்பவே அப்டி…’

அந்த ‘அப்டி’ மேலேயே என் குரல், அவசரமாக: ‘அண்டர்கிரவுண்ட்ல எத்தினி வருஷம் சார் இருந்தீங்க?’

ஆறு தடவை ஓட்டினேன். ‘அவ’ தெளிவாக இருக்கிறது. ‘கைய்யி’யும். ரோஸிக்கு ஒரு வரி அனுப்பினேன்: உங்கள் அம்மா பெயர்?

உடனே பதில். பிலோமினா.

சுரங்கத்து லைனில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா பிலோ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அண்டர்கிரவுண்ட் என்பார், இல்லாவிட்டால் உள்ளே என்பார். அப்படி ஒரு சொல்லே கிடையாது. ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லாக மாற்றி, அதற்கு இலக்கணமும் எழுதி, டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறேன்.

ஐந்தாவது பயம், இப்போது எழுதுகிறேன்: அன்றே எனக்குக் கேட்டிருக்குமோ. சமர்ப்பிக்க நான்கு மாதம்தான் இருந்தது. ‘தெளிவில்லை’ என்று அடைப்புக்குறி போட்ட கை யாருடையது.

ஆய்வகப் பொறுப்பாளர் வந்து, ‘மேடம், லைட் ஆஃப் பண்ணட்டுமா?’

ஜூலை 12, சனி

பேத்தமங்களா. குமாரிடம் புரூஃப் வேலை என்று சொல்லிவிட்டுப் பஸ். ஏரிக்கரையில் இறங்கினேன். திரும்பிப் போகிற பஸ் எதிரிலேயே நின்றது. ஏறியிருப்பேன். ஸ்டாப்பில் காத்திருந்த ரோஸி பார்த்துவிட்டாள்.

ரோஸி அங்கன்வாடி டீச்சர். என் வயது இருக்கும். சிரிக்கவில்லை. தக்காளித் தோட்டத்தை ஒட்டின வீடு. உள்ளே கட்டிலில் சின்ன உருவம், தடித்த கண்ணாடி. சாமி படம் ஒரு சுவரில், மாதா படம் எதிர்ச் சுவரில்.

‘வாம்மா. நீதான் பெரிய புக்கு எழுதினவளா?’

உட்காரச் சொல்லவில்லை, நானாக உட்கார்ந்தேன். பேப்பரில் வந்த துண்டை ரோஸி வாசித்துக் காட்டியிருக்கிறாள். அதில் நான் சொன்னதாக மூன்று விஷயங்கள். பிலோமினாம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார்.

‘துரைசாமிக்கு எல்லாப் படத்திலயும் ஒரு கை பாக்கெட்ல கீதுன்னு எழுதிக்கீறியே, அது இன்னாவோ எதிர்ப்புன்னு?’

‘ஆமாங்கம்மா. நிர்வாகத்துக்கு எதிரான…’

‘எனக்கு கை வரைய வராது. ஒண்ணு வரைஞ்சா போதும்னு இன்னொண்ண பாக்கெட்ல வுட்டுட்டேன்.’

ரோஸி முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது.

‘புக்கு நின்னது, மேல இருந்து மிரட்டினதாலன்னு?’

‘அப்படித்தான் நினைச்சேன்.’

‘நான் நாராயணப்பாவ கட்டிகினு இங்க வந்துட்டேன். தெலுங்கு ஆளு, வேற சாமி. அண்ணன் வாசப்படி மிதிக்காதேன்னுச்சி. அப்புறம் யாரு வரையறது?’

அந்தோணி சார் அவருடைய அண்ணன். வரைந்தது தங்கச்சி, டைம் ஆபீஸில் திருட்டுத்தனமாக மெஷின் ஓட்டியது அண்ணன். மாட்டியிருந்தால் வேலை போயிருக்கும் என்றார். அதனால்தான் பெயர் போடவில்லையாம். ‘நம்மளுது’ சரிதான். அவர் பொய் சொல்லவில்லை.

மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். நான்காம் அத்தியாயம். என் ஆய்வேட்டின் உயிரே அது. துரைசாமியின் பயம் நிலத்தடியில் வேலை செய்த ஒருவரின் உடம்பிலிருந்து மட்டுமே வரமுடியும், வெளியிலிருந்து எழுத முடியாது என்று நாற்பது பக்கம்.

கேட்டார். ‘கீழ போயி பயந்தவன்தான் அத்த வரைய முடியும்னு சொன்னியாமே?’

தலையை ஆட்டினேன்.

‘பொம்பளைங்கள எங்கம்மா கீழ வுட்டாங்க. நான் ஒரு நாளும் போவல. எங்கப்பா போவாரு. அவரு பயந்தாரோ இன்னாவோ, சொன்னதில்ல. சங்கு ஊதி ஷிஃப்ட் மாறி ஆளுங்கள ஏத்திகினு கேஜ் மேல வந்து, அவரு தலை தெரியற வரைக்கும் ஷாஃப்ட் பக்கமே பாத்துகினு நிப்போம், நானும் எங்கம்மாவும். கீழ பாறை வெடிச்சி ராக் பர்ஸ்ட் ஆச்சின்னா வூட்ல பாத்திரம் ஆடும். யாரூட்டு ஆளுன்னு தெரியாது. அந்த பயம்தான் அது. மேல நின்னவங்க பயம். நீ அவன் மூஞ்ச பாத்தியே, அது எங்கம்மா மூஞ்சி. மீச மட்டும் நான் வச்சது.’

பாத்திரம் ஆடியது எனக்கும் நினைவிருக்கிறது. அப்பா மத்தியான ஷிஃப்ட், அம்மா தோசைக்கரண்டியோடு வாசலுக்கு ஓடியது. அந்த முகத்தைப் பதினேழு இதழ்களில் பார்த்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

எழுந்தபோது, ‘இன்னா செய்யணும்னு சொல்லுங்கம்மா’ என்றேன்.

ரோஸி முந்திக்கொண்டாள். ‘பேர் மாத்துங்க. அவ்ளோதான். கோர்ட்டு கேசுக்கெல்லாம் எங்களுக்கு யாரு கீறாங்க.’

பிலோமினாம்மா வேறு எதையோ பார்த்துக்கொண்டு கேட்டார், ‘அண்ணன் நடக்குதா? கண்ணு தெரியுதா?’

ஜூலை 13, ஞாயிறு

பத்து மணிப் பூசை முடிகிற நேரம் பார்த்து நந்திதுர்க். அந்தோணி சார் வீட்டில் தனியாகத்தான். மருமகள் சர்ச்சிலிருந்து இன்னும் வரவில்லை. ஆட்டுக்கறி வேகும் வாசனை. அலமாரியில் சால்வை.

‘உக்காரும்மா. புக்கு வந்துட்ச்சா?’

சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை. ‘சார், பிலோமினாம்மாவைப் பார்த்தேன்’ என்றேன்.

கையில் இருந்த ஜெபமாலை நின்றது. பிறகு, ‘உயிரோட கீறாளா’ என்றார்.

‘இருக்காங்க சார். நீங்க நடக்கறீங்களான்னு கேட்டாங்க.’

தலையை ஆட்டினார். நான் பேட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் சொன்னதைத் தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். மன்னிப்பும் கேட்டேன்.

‘நான் சொன்னேனேம்மா. நீதான் காதுல வாங்கல.’

‘அப்புறமாவது நீங்க சொல்லியிருக்கலாமே சார்.’

‘எப்ப? மேடையில நீ மைக்ல சொல்ற. ஃபாதர் கை தட்றாரு. என் பேரப்புள்ளைங்க மொத பெஞ்சுல. நான் எழுந்து இல்லன்னு சொல்லணுமா? அன்னிக்கி என் கால் நடுங்கினத நீ பாக்கல. வயசாயிட்ச்சி, அதான்னு தாங்கிப் புடிச்ச.’

உண்மை. அப்படித்தான் பிடித்தேன்.

வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். ‘ஒண்ணு கேக்கறேன். நான் இன்னும் எவ்ளோ நாளு. நான் பூட்டப்புறம் எழுதிக்க. அவ பேர போடு, எல்லாம் போடு. இப்ப வோணாம். இந்த லைன்ல தல நிமிந்து நடந்துட்டேம்மா.’

எனக்கும் அதுதான் வேண்டும். அவரே கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை நேர்முகம் முடிந்துவிடும், புத்தகம் வந்துவிடும், யார் மேலும் பழியில்லை. ஒரு கிழவருக்கு இரக்கம் காட்டினேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

‘யோசிக்கிறேன் சார்’ என்றேன். அவர் என் தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். குனிந்து நின்ற நேரம் முழுக்க, நான் எப்படிப்பட்டவள் என்று அந்தக் கைக்குத் தெரிந்துவிடுமோ என்று இருந்தது.

ஜூலை 14, திங்கள்

நெறியாளர் ஐயாவுக்கு ஃபோன். ஓய்வு பெற்று மைசூரில் இருக்கிறார். எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் மிக்சி சத்தம்.

‘வசந்தா, ஆய்வேட்டில் என் கையெழுத்தும் இருக்கிறது. தெரியுமில்லையா?’

‘தெரியும் ஐயா.’

‘தவறு மனித இயல்பு. இரண்டாம் பதிப்பில் ஒரு குறிப்புப் போட்டுக்கொள்ளலாம். பதினெட்டாம் தேதி முடியட்டும். குழுவில் யாரும் அந்த ஒலிநாடாவைக் கேட்கப் போவதில்லை.’

ஒலிநாடா இல்லை ஐயா, பென் டிரைவ் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

ஆக, எல்லாரும் வாயை மூடச் சொல்கிறார்கள், ரோஸியைத் தவிர. ரோஸி இன்று செய்தி அனுப்பவில்லை. அது இன்னும் பயமாக இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

குமாரிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ரசம் ஊற்றும்போது ஆரம்பித்து, மோர் வரை. குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

‘காலேஜ் பையனுங்க, பொண்ணுங்க, உன் தீசிஸ படிச்சிட்டு பிலோன்னு எழுதுவாங்களா?’

‘ஏற்கெனவே எழுதறாங்க.’

‘அப்ப அது பரவிகினு கீது. கேஸ் லீக் மாதிரி.’ பிறகு, ‘வேல பூட்ச்சின்னா பூட்ச்சி. ஆனா நீ இப்டி சாப்பிடாம கீறது ஆவாது.’

தைரியம் வந்ததா? இல்லை. அவரும் பயந்திருக்கிறார். மாத்திரையை இரண்டு தடவை போடப் போனார்.

ஜூலை 16, புதன்

பதிப்பகத்துக்குக் கடிதம். பல்கலைக்கழகத்துக்குக் கடிதம். காலை வண்டியில் எழுதி, மாலை வண்டியில் அடித்துத் திருத்தி. ‘கவனக்குறைவால்’ என்று எழுதினேன். அடித்தேன். ‘என் அவசரத்தால்’. அது இருக்கட்டும்.

அந்தோணி சார் பெயரை எங்கே வைப்பது என்று குழப்பம். கடைசியில் உள்ளதை எழுதினேன்: வரைந்தவர் பிலோமினா, வேலையைப் பணயம் வைத்து அச்சிட்டுப் பரப்பியவர் அவர் அண்ணன் அந்தோணி, அவர் என்னிடம் உண்மையைத்தான் சொன்னார்.

பதிப்பகத்துக்கு அனுப்பினேன். வைட்ஃபீல்டு தாண்டும்போது. அனுப்பியதும் ஃபோனை அணைத்துப் பையில் போட்டுவிட்டுக் குனிந்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து சீட் பெண்மணி, ‘ஜன்னல் பக்கம் வந்துடு கண்ணு.’

பல்கலைக்கழகக் கடிதம் அனுப்பவில்லை. வெள்ளி முடியட்டும். நானும் ஐயா மாதிரிதான்.

ஜூலை 17, வியாழன்

பதிப்பகம்: ‘அச்சை நிறுத்தி வைத்துள்ளோம். பேசுவோம்.’ அவ்வளவே.

சேலை இஸ்திரி. ஃபைல் தயார். ஆய்வேட்டைப் பையில் வைக்கும்போது 112ஆம் பக்கம் தானாகத் திறக்கிறது. அத்தனை முறை திறந்திருக்கிறேன்.

நாளை யாரும் அதைக் கேட்காவிட்டால் நானாகச் சொல்ல வேண்டுமா? கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் மாட்டேன். இதுதான் முடிவு. கோழைத்தனமான முடிவு, ஆனாலும் முடிவு.

ஜூலை 18, வெள்ளி

நேர்முகம் 11.30. கூப்பிட்டது 1.15. வராந்தாவில் ஏழு பேர். என்னைவிட எல்லாரும் இளையவர்கள்.

உள்ளே நான்கு பேர். தலைவர் காமிக்ஸ் என்றதும் சிரித்தார். ‘குழந்தைகள் படிப்பதில் ஆராய்ச்சியா?’ பழகின கேள்வி, பழகின பதில். பேச்சுத் தமிழ் அச்சில் ஏறும் இடம், புதிதாகத் தமிழ் கற்பவர்கள் குரலைக் கண்ணால் பார்க்கும் இடம், இத்யாதி. நன்றாகப் போனது. யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே முடிந்துவிடும் போலிருந்தது.

கடைசியில் மொழியியல் அம்மையார். வெள்ளைத் தலை, பருத்திச் சேலை. என் ஆய்வேட்டில் மஞ்சள் சீட்டுகள் ஒட்டியிருந்தார். உண்மையில் படித்திருக்கிறார்.

‘எனக்குப் பிடித்தது உங்கள் சொல்லடைவு. குறிப்பாக “பிலோ”. என் மாணவர் இருவர் அதை எடுத்தாண்டிருக்கிறார்கள். இந்தச் சொல்லை வேறு யாரிடமாவது கேட்டிருக்கிறீர்களா?’

நான்கு பேரும் பார்க்கிறார்கள். ‘ஆமாம்’ என்றால் முடிந்தது. ஒரு சொல்.

‘இல்லைங்க மேடம்’ என்றேன். ‘அது சொல்லே இல்லை. ஒருத்தங்க பேரு. பிலோமினா. அந்தப் படங்களை வரைந்தவங்க. நான் தப்பாகக் கேட்டுவிட்டேன். ஆய்வேட்டில் வரைந்தவர் பெயரே தவறு. நான்காம் அத்தியாயமும் நிற்காது.’

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

அம்மையார் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அந்த மஞ்சள் சீட்டை மெல்ல உரித்து, விரலில் ஒட்டிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தார். ‘எப்போது தெரியும்?’

‘போன வெள்ளி.’

‘நீங்கள் போகலாம்’ என்றார் தலைவர்.

மாலை வண்டியில் பல்கலைக்கழகத்துக்கும் கடிதத்தை அனுப்பினேன். இனி என்ன. வண்டி மெதுவாகப் போகாதா என்று இருந்தது. வீட்டுக்குப் போனால் சொல்ல வேண்டும். கோரமண்டலில் இறங்கினால் குமார் நிற்கிறார். பையை வாங்கிக்கொண்டார்.

ஜூலை 20, ஞாயிறு

நந்திதுர்க். அந்தோணி சாரிடம் நேரில் சொல்ல. கேட்டை மருமகள் திறக்கவில்லை, அந்தப் பக்கத்திலிருந்தே பேசினாள்.

‘மாமாவுக்கு நீங்க எழுதுனது தெரிஞ்சி போச்சி. பதிப்பகத்துலருந்து ஃபோன் வந்துச்சி. ரெண்டு நாளா சரியா சாப்பிடல. பூசைக்கும் போவல. போங்க மேடம், இப்ப வாணாம்.’

உள்ளே அவர் இருமுவது கேட்டது. கண்ணாடி அலமாரியில் சால்வை இல்லை. கேட்டுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது.

திரும்பி நடந்தேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மனதில் அது ஒன்றுதான். வேலை, பட்டம் எதுவும் இல்லை. பயப் பட்டியலில் இப்போது அது மட்டும்.

ஜூலை 22, செவ்வாய்

வேறு ஒருவருக்கு வேலை. ஐயாதான் ஃபோனில் சொன்னார். ‘கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கலாம்’ என்றார். கேட்டதற்குத்தான் சொன்னேன் ஐயா என்றேன். வைத்துவிட்டார்.

பல்கலைக்கழகம்: திருத்த அறிக்கையும் மூல ஒலிப்பதிவும் சமர்ப்பிக்கவும், குழு முடிவு பின்னர் தெரிவிக்கப்படும். ‘பின்னர்’ என்றால் எப்போது. அது வரை தபால்காரர் வரும் நேரம் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

வகுப்பு இருந்தது. போனேன். வினைமுற்று.

ரோஸிக்கு எல்லாம் எழுதி அனுப்பினேன். ‘அம்மாகிட்ட படிச்சி காட்டினேன்’ என்று பதில். பிறகு, ‘உங்களுக்கு வேல போயிட்ச்சா?’

‘பழைய வேலை இருக்கிறது’ என்று போட்டேன்.

ஜூலை 24, வியாழன்

தூறல். லீவு. நான்காம் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து. மூன்று மணி நேரத்தில் ஒரு பத்தி. அடித்துவிட்டேன். சுரங்க வாசலில் நின்ற பெண்களைப் பற்றி என்னிடம் ஒரு குறிப்பும் இல்லை. ஒருத்தியிடமும் நான் கேட்டதில்லை.

நாலரைக்கு ஃபோன். நந்திதுர்க் நம்பர். எடுக்கக் கை வரவில்லை. மருமகளாக இருக்கும், என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். எடுத்தேன்.

அந்தோணி சார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து.

‘நீ செஞ்சது எனக்கு புடிக்கல.’

‘சரிங்க சார்.’

‘லைன்ல ஒருத்தன் கேட்டான், இன்னா சார் தங்கச்சி படமாமேன்னு. ஆமாண்டா, எந் தங்கச்சிதான்னு சொல்லிட்டேன்.’ இருமல். ‘அவ நம்பர் குடு.’

சொன்னேன். எழுதினார். ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிக் கேட்டார். ஐந்தா, ஒன்பதா என்று இரண்டு முறை. வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

‘ம்மா.’

‘சொல்லுங்க சார்.’

‘அம்பது வருஷம் ஆவுது. எடுத்தவொடனே இன்னா சொல்லுணும்?’

நான் ஏதாவது சொல்வேன் என்று அவர் காத்திருந்தது ஃபோனில் மூச்சாகக் கேட்டது. பிறகு அவரே, ‘சரி, பிலோன்னு கூப்புட்டு பாக்கறேன்’ என்றார்.